பல்லி எச்சமும் 1.42-ம்

இதை எழுதலாமா வேணாமான்னு நாலு மாசமா யோசனை, எழுதி எழுதி டெலிட் பண்ணதுதான் மிச்சம். இப்பவும் பேர் போடாமத்தான் எழுதறேன். வீடு கடலூர்ல, வேலை பாண்டில, தினம் பஸ்ல போய்ட்டு வர்ற ஆளு, அதுக்கு மேல வேணாம், மஞ்சக்குப்பத்துல தும்மினா திருப்பாப்புலியூர்ல கேக்கற ஊரு எங்களோடது.

மே மாசம் ஒருத்தங்களோட பழக்கமாகி ஒரு நாள் எல்லை தாண்டிட்டோம். ரெண்டு பேரும் வயசுக்கு வந்த ஆளுங்க, ரெண்டு பேர் சம்மதமும் இருந்துச்சு, காண்டமும் இருந்துச்சு. இதுக்கு மேல அதைப் பத்தி எழுத எனக்கு உரிமை இல்ல, பாதிக்கதை அவங்களோடது.

அஞ்சாவது நாள் தொடை இடுக்குல அரிப்பு. செவந்து போயி, அங்கங்க சின்ன சின்னதா பொரி மாதிரி. கத்திரி வெயில், ஜீன்ஸ் பேண்ட், பஸ்ல ஒரு மணி நேரம் வேர்த்து ஊறி உக்காந்து வர்ற பொழப்பு, ரெண்டு நாள் முன்னாடிதான் புது ரேசர் வெச்சு ஷேவ் வேற பண்ணிருந்தேன். சாதாரணமா இருந்திருந்தா பவுடர் அடிச்சிட்டு போயிருப்பேன். ஆனா தப்பு பண்ணிட்டோம்னு உள்ள ஒருத்தன் உக்காந்துட்டு இருந்தான்ல, அவன் விடல. ராத்திரி போர்வைக்குள்ள போனை வெச்சு தேடினேன், போட்டோ போட்டோவா வந்துச்சு, எல்லாமே என்னோடது மாதிரியே இருந்துச்சு. ஹெர்பிஸ், உடலுறவுல தொத்தி கொப்புளமா வர்ற ஒரு வைரஸ்.

அன்னைலேர்ந்து என்ன படிச்சனோ அது எல்லாம் எனக்கு வந்துச்சு. ஒண்ணுக்கு போனா எரியும்னு படிச்சேன், எரிஞ்சுது. கால்ல ஜிவுஜிவுன்னு இழுக்கும்னு படிச்சேன், ஆபீஸ்ல உக்காந்திருக்கறப்ப வலது கால் இழுத்துச்சு. மறுநாள் இடது கால்னு இன்னொருத்தர் எழுதினத படிச்சேன், கால் மாறிடுச்சு. இப்ப சிரிப்பா இருக்கு, அப்ப பாத்ரூம்ல டார்ச் அடிச்சு கண்ணாடி புடிச்சு பாத்துட்டு இருப்பேன், அம்மா வெளிய நின்னு "எவ்ளோ நேரம்டா, உள்ள தூங்கிட்டியா இன்னா"ன்னு கதவைத் தட்டுவாங்க.

மெடிக்கல்ல போய் அரிப்புக்கு க்ரீம்னு கேட்டேன், எங்கன்னு கேட்டான், தொடைலன்னு சொன்னேன், ஒரு டியூபை எடுத்து பேப்பர்ல சுத்தி கருப்பு கவர்ல போட்டு குடுத்தான். போட்ட ரெண்டு நாள் சூப்பரா அடங்கிடுச்சு, நிறுத்தினதும் ரெண்டு மடங்கா வந்துச்சு. இந்த க்ரீம் விஷயத்துக்கு பின்னாடி வர்றேன்.

டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடப் போவுதுன்னு நினைச்சேன். கடலூர்ல எடுக்க முடியாது, எங்க தெரு பொண்ணு ஒண்ணு ஒரு லேப்ல வேலை செய்யுது. அதனால ஒரு ஞாயித்துக்கிழமை பாண்டில ஒரு தனியார் லேப். பேர் வேணாம். கவுண்ட்டர்ல குசுகுசுன்னு சொன்னேன், அவங்க கம்ப்யூட்டர்ல தட்டிட்டு உள்ள பாத்து "ஹெச்எஸ்வி ஒண்ணு ரெண்டு, ஐஜிஎம் இருக்குல்ல?"ன்னு மார்க்கெட்ல மீன் விலை கேக்கற மாதிரி கத்தினாங்க. ஹெச்எஸ்வின்னா ஹெர்பிஸ் வைரஸ், ஒண்ணு ரெண்டு அதோட டைப்பு, ஐஜிஎம்ங்கறது அதை எதிர்க்க ஒடம்பு ரத்தத்துல தயார் பண்ற ஒரு எதிர்ப்புப் பொருள். பக்கத்துல சுகர் டெஸ்ட்டுக்கு உக்காந்திருந்த தாத்தா என்னைப் பாத்தாரு. அவருக்கு ஒரு மண்ணும் புரிஞ்சிருக்காது, ஆனா எனக்கு அவர் எங்க அப்பாவோட ஃப்ரெண்டுன்னே தோணிச்சு.

மறுநாள் சாயங்காலம் பஸ் முள்ளோடை தாண்டறப்ப வாட்ஸ்அப்ல ரிப்போர்ட். ஹெச்எஸ்வி 1+2 ஐஜிஎம், 1.31, பக்கத்துல கொட்டை எழுத்துல பாசிட்டிவ். 1.1-க்கு மேல போனா பாசிட்டிவ்னு கீழ போட்டிருந்தான். முள்ளோடை தெரியும்ல, ரெண்டு பக்கமும் சாராயக்கடை வெளிச்சம், பஸ்ல பாதி பேர் எல்லை தாண்டறதுக்குள்ள இறங்கிடுவாங்க. நான் குடிக்கிற ஆள் இல்ல, அன்னிக்கு இறங்கிடலாமான்னு இருந்துச்சு. ஆல்பேட்டை பாலம் வந்தப்ப பெண்ணையாத்தை பாத்துட்டு உக்காந்திருந்தேன், கண்டக்டர் "மஞ்சக்குப்பம் இறங்கறவங்க"ன்னு மூணு தடவ சொன்னது காதுல ஏறவே இல்ல, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டேன்.

பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைல ஒட்டியிருப்பாங்களே, மேகநோய், வெட்டை, ஆண்மைக்குறைவு, பரம்பரை வைத்தியர், கவலை வேண்டாம்னு. இத்தனை வருஷமா கிண்டலடிச்ச நோட்டீஸ், அன்னிக்கு நின்னு முழுசா படிச்சேன், நம்பரைக்கூட போன்ல ஏத்தினேன். பயம் ஆளை எங்க கொண்டுபோய் நிறுத்தும்னு அந்த சுவத்துக்கு முன்னாடிதான் தெரிஞ்சுது. நல்லவேளை கூப்பிடல.

அடுத்து ஒரு பொது டாக்டர். ரிப்போர்ட்டை பாத்தார், என்னைப் பாத்தார், கல்யாணம் ஆச்சான்னு கேட்டார், இல்லன்னேன், ம்ம்ம்னு ஒரு இழு இழுத்தார் பாருங்க, அந்த ம்ம்ம்க்கு ஒரு கேஸே போடலாம். பேண்ட்டை கழட்டச் சொல்லி பாக்கவே இல்ல. அசைக்ளோவிர் 400, ஹெர்பிஸுக்கான மாத்திரை, மூணு வேளை, ஏழு நாள்னு கிறுக்கிக் குடுத்துட்டார். ஏழு நாளும் முழுங்கினேன், அரிப்பு இம்மி குறையல. குறையலன்னா அது வேற ஏதோன்னுதான நினைக்கணும், நான் இது மருந்துக்கே அடங்காத ஹெர்பிஸ் போலன்னு நினைச்சேன்.

வீட்ல தனி சோப்பு, தனி துண்டு, என் துணிய நானே துவைக்க ஆரம்பிச்சேன். 29 வருஷமா ஒரு ஜட்டி துவைக்காதவன் திடீர்னு துவைச்சா எந்த அம்மாவுக்கும் சந்தேகம் வரும். என்னடான்னு நோண்டினாங்க, தொடைல ஏதோ கொப்புளம்மான்னு வாய் தவறி சொல்லிட்டேன். அவ்ளோதான், "அக்கிடா அது, சூட்டுல வர்றது, பண்ருட்டி பக்கம் ஒரு வேளார் இருக்காரு, காவில அக்கி எழுதினா மூணு நாள்ல எறங்கிடும்"னு கிளம்பிட்டாங்க. நினைச்சுப் பாருங்க, அந்த எடத்துல காவில சிங்கம் வரையறதுக்கு நான் போய் படுக்கணும். வேணாம்மான்னு சொல்லி தடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு, அப்பறமாத்தான் தெரிஞ்சுது. நம்ம ஆளுங்க அக்கின்னு சொல்றது சின்னம்மை போட்டவங்களுக்கு அந்த வைரஸ் நரம்புல ஒளிஞ்சிருந்து பின்னாடி எப்பயோ கிளம்பி வர்றது, ஹெர்பிஸ் ஜோஸ்டர்னு பேரு. நான் பயந்த ஹெர்பிஸுக்கு அது பங்காளி முறை. ஒரே குடும்பம், ரெண்டுமே நரம்புல போய் குடியிருக்கற ஜாதி. அக்கின்னா ஊரையே கூட்டி சொல்வாங்க, பங்காளி பேரை மட்டும் வாயால சொல்ல முடியாது.

சொன்னது ஒரே ஒருத்தன்கிட்ட, என் ஃப்ரெண்டு. சில்வர் பீச்ல சுண்டல் பொட்டலத்தை பிரிச்சு வெச்சுட்டு சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "மச்சி, மொதல்ல காட்டுடா"ன்னான். பீச்லயாடான்னேன். "என்கிட்ட இல்லடா லூசு, தோல் டாக்டர்கிட்ட. ரிப்போர்ட்டையே எல்லாருக்கும் காட்டிட்டு இருக்கியே தவிர ஒருத்தனும் ஒடம்பை பாக்கலையே"ன்னான். இவ்ளோ படிச்ச எனக்கு அது தோணல பாருங்க.

பாண்டில ஒரு தோல் மற்றும் பால்வினை நோய் டாக்டர். அம்பது அம்பத்தஞ்சு வயசு இருக்கும், லேடி டாக்டர். போர்டுல இனிஷியல் மட்டும் பாத்துட்டு ஆம்பளைன்னு நினைச்சு போய்ட்டேன், கதவை தொறந்ததும் திரும்பி ஓடிடலாமான்னு இருந்துச்சு. அவங்க ரிப்போர்ட்டை நீட்டினப்ப வாங்கவே இல்ல. "அது அப்படியே இருக்கட்டும் தம்பி, மொதல்ல அங்க படுங்க." லைட்டை இழுத்து வெச்சு ரெண்டு நிமிஷம் பாத்தாங்க, லேசா சுரண்டி கண்ணாடில வெச்சு மைக்ரோஸ்கோப்ல பாத்தாங்க. "எந்த க்ரீம் போட்டீங்க?"

பைலேர்ந்து டியூபை எடுத்துக் காட்டினேன். தலைல அடிச்சுக்கிட்டாங்க. எனக்கு வந்தது படர்தாமரை. பூஞ்சை. கூட ரேசர் பட்டு மயிர்க்கால்ல கிளம்பின சின்ன சீழ்ப்பொரி. மெடிக்கல்ல குடுத்தது ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து எல்லாம் ஒண்ணா கலந்த க்ரீம், ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கிடும், உள்ள பூஞ்சை ஜாலியா வளரும், நிறுத்தினா பொங்கும். அவங்ககிட்ட வர்றவங்கள்ல முக்காவாசி பேர் இந்த டியூபோடதான் வர்றாங்களாம்.

அப்ப ஹெர்பிஸ் எப்படி மேடம் இருக்கும்னு கேட்டேன். பொறுமையா சொன்னாங்க. மாட்டினதுலேர்ந்து ரெண்டு நாள்ல இருந்து 12 நாளைக்குள்ள பொதுவா கிளம்பும். மொதல்ல அந்த எடத்துல சுருக்குன்னு குத்தற மாதிரி, எரியற மாதிரி இருக்கும், அப்பறம் கொத்தா தண்ணி கோத்த சின்ன சின்ன கொப்புளம், அது ஒடைஞ்சு ஆழமில்லாத புண்ணு, அரிப்பை விட வலிதான் ஜாஸ்தி. மொத தடவன்னா ஜுரம் வரலாம், அரைல நெறி கட்டும். ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல தானா ஆறிடும். சில பேருக்கு இது எதுவுமே இல்லாம சும்மா ஒரு கீறல் மாதிரி வந்துட்டு போறதும் உண்டு, நிறைய பேருக்கு இருக்கறதே தெரியாது, அதனாலதான் பரவுது. காண்டம் ரிஸ்க்கை குறைக்கும், ஆனா அது மூடாத தோல்லயும் வைரஸ் இருக்கலாங்கறதால முழுசா தடுக்காது.

"அப்ப இந்த 1.31?"

இப்பத்தான் ரிப்போர்ட்டை கையில வாங்கினாங்க. ஐஜிஎம் டெஸ்ட்டை ஹெர்பிஸுக்கு எடுக்கவே கூடாது தம்பின்னாங்க. புதுசா வந்திருக்கா பழசான்னு அதால சொல்ல முடியாது, வேற எதுக்கோ தப்பா பாசிட்டிவ் காட்டும், அதுவும் ஒண்ணையும் ரெண்டையும் சேர்த்து ஒரே நம்பரா குடுத்தா அதை வெச்சு என்ன பண்றது. சரியான டெஸ்ட் ஒண்ணு இருக்கு, ஆனா அதுக்கு புண்ணு வேணும். புண்ணு வந்த ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ள, அது காயறதுக்கு முன்னாடி, பஞ்சுக் குச்சியால தொட்டு எடுத்து பிசிஆர் பண்ணனும். அதுல எந்த டைப்புன்னும் தெரிஞ்சிடும். காய்ஞ்சப்பறம் எடுத்தா இருக்கற வைரஸ்கூட சிக்காது. புண்ணே இல்லாதவங்களுக்கு மிச்சம் ரத்தத்துல ஐஜிஜிங்கற இன்னொரு எதிர்ப்புப் பொருளை பாக்கறது, டைப் 1 தனியா டைப் 2 தனியா, அதுவும் ஒடம்பு அதை தயார் பண்ண 12 வாரம் ஆகலாம், நீங்க ஒம்போதாவது நாள் போய் குத்திட்டு வந்திருக்கீங்கன்னாங்க.

போறதுக்கு எழுந்தப்ப என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாங்க. "ஒதட்டோரம் தழும்பு மாதிரி இருக்கே, ஜுரம் வந்தா புண்ணு வருமா?" ஆமா மேடம், சின்ன வயசுலேர்ந்து, அம்மா பல்லி எச்சம் பட்டுடுச்சுன்னு சொல்வாங்க, தேங்காண்ணெய் தடவி விடுவாங்கன்னேன்.

"அது பல்லி இல்ல தம்பி. அதுதான் ஹெர்பிஸ். டைப் 1."

ஒரு நிமிஷம் எனக்கு ஒண்ணும் ஓடல. மூணாங்கிளாஸ்ல ஒதட்டுல புண்ணோட ஸ்கூலுக்கு போயிருக்கேன், எங்க டீச்சர் பாவம்னு சொல்லி முன் பெஞ்சுல உக்கார வெச்சாங்க. எங்க அம்மாவுக்கும் வரும், மாமாவுக்கும் வரும். உலகத்துல 50 வயசுக்கு கீழ இருக்கறவங்கள்ல 64 சதவீதம் பேருக்கு டைப் 1 இருக்குன்னு உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு, முக்காவாசி சின்ன வயசுல முத்தத்துல எச்சில்ல வந்தது. பெரும்பாலும் இடுப்புக்கு கீழ வர்ற டைப் 2 கூட 15-லேர்ந்து 49 வயசுக்குள்ள 13 சதவீதம். எதுக்கு பயந்து போர்வைக்குள்ள அழுதனோ அது எட்டு வயசுலேர்ந்து என் மூஞ்சிலயே இருந்திருக்கு, ஊரே பாத்திருக்கு, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. ஒதட்டுல வந்தா பல்லி மேல பழி, இடுப்புக்கு கீழ வந்தா நம்ம கேரக்டர் மேல பழி.

பூஞ்சைக்கு மாத்திரையும் நல்ல க்ரீமும் குடுத்தாங்க, மாசக்கணக்குல போட வேண்டியிருந்துச்சு, போச்சு. கூடவே ஒண்ணு சொன்னாங்க, நீங்க நிஜமாவே பாக்க வேண்டியது ஹெச்ஐவியும் சிபிலிஸும், அதுக்கு டெஸ்ட் ஒழுங்கா இருக்கு, அரசாங்க ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல இலவசமா எடுப்பாங்க, மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவையும் எடுத்துடுங்கன்னு. போனேன். அங்க கவுன்சலர் தனி ரூம்ல உக்கார வெச்சு பேசினது அந்த தனியார் லேப் கவுண்ட்டருக்கு எவ்வளவோ மேல. நேர்ல போக தயக்கம்னா 1097-னு இலவச நம்பர் இருக்கு, பேர் சொல்ல வேணாம். ரெண்டு தடவையும் ரெண்டும் நெகட்டிவ்.

இதோட முடிஞ்சிருக்கணும். என்னால சும்மா இருக்க முடியல. ஆடி மாசம், கரெக்டா 12 வாரம் முடிஞ்ச மறுநாள், டாக்டரை கேக்காம வேற ஒரு லேப்ல போய் ஐஜிஜி எடுத்தேன். டைப் 1 எக்கச்சக்கமா பாசிட்டிவ், அது பல்லி, தெரிஞ்சதுதான். டைப் 2: 1.42. பாசிட்டிவ்.

அந்த சமயத்துல வீட்ல பொண்ணு பாத்துட்டு இருந்தாங்க. நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு எடம், ஜாதகம் பொருந்திடுச்சு, தைல வெச்சுக்கலாம்னு பேச்சு. நான் ரிப்போர்ட் வந்த அன்னைக்கு ராத்திரி, எனக்கு இப்ப கல்யாணம் வேணாம்னு ஒரே போடா போட்டேன். காரணம் கேட்டா சொல்ல முடியல. அம்மா ரெண்டு நாள் பேசல. அந்த பொண்ணு வீட்டுக்கு ஏதோ தோஷம் இருக்குன்னு பொய் சொல்லி அனுப்பினாங்க, அதுல தோஷம் பையனுக்கா பொண்ணுக்கான்னு தெளிவா சொல்லாம விட்டுட்டாங்க. ஒரு பொண்ணு மேல சும்மா ஒரு சந்தேகத்தை போட்டுட்டு வந்தோம்கறது இன்னிக்கும் உறுத்துது.

மறுபடி டாக்டர். திட்டினாங்க, நல்லா. அப்பறம் ஒரு பேப்பரை எடுத்து கணக்கு போட்டாங்க. "உங்க தெருவுல 100 பேர்னு வெச்சுக்கோங்க, அதுல அஞ்சு பேருக்கு நிஜமா டைப் 2 இருக்கு. டெஸ்ட் அந்த அஞ்சையும் புடிச்சிடுச்சு, ரொம்ப நல்லது. மீதி 95 பேர்ல 20-க்கு ஒருத்தருக்கு மட்டும் தப்பா பாசிட்டிவ் காட்டுதுன்னு வெச்சாலும் எத்தனை?" அஞ்சு பேர் கிட்டன்னேன். "ஆக பாசிட்டிவ்னு அழுதுட்டு வர்ற 10 பேர்ல அஞ்சு பேருக்கு ஒண்ணுமே இல்ல. இதனாலதான் அறிகுறி இல்லாதவங்களை சும்மா கூப்பிட்டு இந்த டெஸ்ட் எடுக்காதீங்கன்னு அமெரிக்கால தடுப்பு மருத்துவத்துக்குன்னு இருக்கற நிபுணர் குழு 2016-லயும் சொல்லிச்சு, 2023-லயும் சொல்லிச்சு."

அப்பறம் 1.42-ஐ வட்டம் போட்டாங்க. 1.1-க்கு மேல பாசிட்டிவ்னு லேப் அச்சடிக்கும், ஆனா 3-க்கு கீழ வர்ற நம்பரை வேற முறைல இன்னொரு டெஸ்ட் பண்ணி உறுதிப்படுத்தாம நம்பக்கூடாதுன்னு அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையம் சிடிசி-யோட 2021 வழிகாட்டுதல்ல இருக்காம். அதுலயும் டைப் 1 ஏற்கனவே இருக்கறவங்களுக்கு இந்த கம்மி நம்பர் பாசிட்டிவ் தப்பா வர்றது அதிகம். என் பல்லி இங்கயும் வேலை காட்டிருக்கு. அதே கிட்ல திரும்ப எடுத்தா அது செஞ்ச தப்பையே திரும்ப செய்யலாம், அதனால வேற முறை. இதுல கெட்டியான டெஸ்ட்டுன்னு பேர் வாங்கினது வெஸ்டர்ன் பிளாட், அமெரிக்கால சியாட்டில்ல வாஷிங்டன் யுனிவர்சிட்டில உருவாக்கினது. நமக்கு எங்க.

"கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணுகிட்ட சொல்லணுமா மேடம்?"

"இருக்குன்னு உறுதியானா கண்டிப்பா சொல்லணும். சொல்லிட்டு மாத்திரையோட, ஜாக்கிரதையோட நல்லா குடும்பம் நடத்தறவங்க எத்தனையோ பேர் எங்கிட்ட வர்றாங்க, குழந்தையும் பெத்திருக்காங்க. இருக்கான்னே தெரியாததை என்னன்னு சொல்வீங்க?"

16 வாரத்துல அவங்க சொன்ன லேப்ல, வேற முறைல, டைப் 2 மட்டும். 0.6. நெகட்டிவ். போனை வெச்சுட்டு குதிப்பேன்னு நினைச்சேன், ஒண்ணும் தோணல, கிருமாம்பாக்கம் தாண்டறப்ப தூங்கிட்டேன். மே மாசத்துக்கு அப்பறம் பஸ்ல தூங்கினது அன்னிக்குத்தான். டாக்டர்கிட்ட போன்ல சொன்னப்ப, இது முத்திரை குத்தின சர்டிபிகேட் இல்ல தம்பி, ஆனா இதுக்கு மேல நீங்க ஊசி குத்திக்க வேண்டாம், எப்பயாவது கொத்தா கொப்புளம் வந்தா அன்னிக்கே வாங்க, குச்சி வெச்சு எடுத்துடலாம்னாங்க. சரின்னு வெச்சுட்டேன். போன்ல இருந்த போட்டோ, ஸ்க்ரீன்ஷாட், அந்த பரம்பரை வைத்தியர் நம்பர் எல்லாத்தையும் அழிச்சேன். 1.42 ரிப்போர்ட்டை மட்டும் ஏனோ வெச்சிருக்கேன்.

இதுக்கு நடுவுல அவங்ககிட்டயும் பேசினேன், அந்த மே மாசத்து ஆள். ஆரம்பத்துல கோவம் கோவமா வந்துச்சு, அவங்கதான் குடுத்துட்டாங்கன்னு மனசுக்குள்ள எத்தனை தடவ திட்டிருப்பேன். விஷயத்தை சொன்னதும் அவங்க கேட்ட மொத கேள்வி, "ஏன் இவ்ளோ நாள் தனியா வெச்சுட்டு இருந்தே?" எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

போன வாரம் மழைல நனைஞ்சு ரெண்டு நாள் ஜுரம். மூணாவது நாள் ஒதட்டோரம் சுருசுருன்னு, காலைல பாத்தா குட்டிக் குட்டியா நாலு கொப்புளம். அம்மா தோசைக்கல்லுகிட்ட நின்னு திரும்பிப் பாத்துட்டு, "பல்லி எச்சம் பட்டுடுச்சுடா, தேங்காண்ணெய் வெய்யி"ன்னாங்க. சரிம்மான்னேன். என் டம்ளர்ல யாரையும் காப்பி குடிக்க விடல, அக்கா கொழந்தை முத்தம் குடுக்க வந்தப்ப கன்னத்தை தள்ளிக்கிட்டேன், அதோட சரி.

சாயங்காலம் லாரன்ஸ் ரோட்ல அதே மெடிக்கல். நாலஞ்சு பேர் நின்னுட்டு இருந்தாங்க. "அண்ணா, அசைக்ளோவிர் க்ரீம் ஒண்ணு." நிமிர்ந்து ஒதட்டை பாத்தான், டியூபை எடுத்து பில்லோட அப்படியே கையில குடுத்தான். பேப்பரும் சுத்தல, கருப்பு கவரும் போடல.